ஒரு குடும்பத்துக்கு ஒரு கடை

பிப்ரவரி 9

வணக்கம்.

இங்கே நலம். நீங்களும் நலம் என்று எழுத வந்தேன், ஆனால் நேற்று ஓ.டி.பி. நம்பர் சொல்லும்போது இருமிக்கொண்டேதான் சொன்னீர்கள். லிஃப்ட் குழிக்குள் அவ்வளவு தூசி என்றால் மூக்கில் ஒரு துணியைக் கட்டிக்கொள்ள வேண்டியதுதானே? இதைப் போனிலேயே சொல்லியிருப்பேன். ஆனால் கொஞ்ச நாள் பிரிந்திருப்போம் என்று நீங்கள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிய அன்று, போனில் நம்பர் மட்டும், மற்றதெல்லாம் கடிதத்தில் என்று பேசி வைத்துக்கொண்டோம். கடிதத்தில் யாரும் குறுக்கே பேச முடியாது என்று சொன்னது நீங்கள். ஆகவே குறுக்கே பேசாமல் கேளுங்கள்.

செவ்வாய்க்கிழமை நம் ஆன்லைன் கடைக்குள் நுழைய, உங்கள் போனுக்கு வரும் நம்பரைக் கேட்டு எத்தனை தடவை போன் போட்டேன் தெரியுமா? நீங்கள் எந்தக் கட்டடத்தில் எந்த மாடிக்கு நடுவே தொங்கிக்கொண்டிருந்தீர்களோ, சிக்னலே இல்லை. பத்து நிமிஷத்தில் அந்த நம்பர் செத்துப்போகும். இரண்டு ஆர்டர் தாமதமாகி அபராதம் விழுந்துவிட்டது. ஃபோம் வெட்டுவது நான், உறை தைப்பது நான், பெட்டியில் அடைத்து டேப் ஒட்டுவது நான். கடைச் சாவி மட்டும் உங்கள் சட்டைப்பையில்.

இந்த மாதக் கட்டணச் சீட்டைப் பார்த்து மண்டை காய்ந்துவிட்டது. ஒரு முதுகுத் தலையணை நூறுக்கு விற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கம்பெனிக்குக் கமிஷன் பதினைந்து. ஆர்டருக்கு இவ்வளவு என்று ஐந்து. நம் தலையணை முதல் பக்கத்தில் தெரிய விளம்பரத்துக்கு ஆறு. அனுப்பும் செலவு இருபத்துநான்கு. அவர்கள் வாங்கும் கட்டணத்துக்கெல்லாம் ஒரு வரி, அதையும் நாம்தான் கட்டுகிறோம். ஃபோம், துணி, ஜிப் எல்லாம் போக என் கைக்கு வருவது பன்னிரண்டு.

அனுப்பும் செலவு எப்படி இவ்வளவு ஆகிறது என்று தராசில் வைத்துப் பார்த்தேன். தலையணை எழுநூறு கிராம். சீட்டில் நாலே கால் கிலோ. பெட்டியின் நீள, அகல, உயரத்தைப் பெருக்கி ஐயாயிரத்தால் வகுப்பார்களாம். அது அதிகமா, தராசு அதிகமா என்று பார்த்து, அதிகமாக இருப்பதற்குக் காசு. மூன்றரைக் கிலோ காற்றை நான் ஊர் ஊராக அனுப்பிக்கொண்டிருக்கிறேன்.

கடைப் பணம் உங்கள் வங்கிக் கணக்கில்தான் விழுகிறது. ஒரு தடவைகூட நீங்கள் குறைத்து அனுப்பியதில்லை. அதை நான் மறுக்கவில்லை. ஆனாலும் கடையை என் பெயருக்கு மாற்றிக் கொடுங்கள். வேறு ஒன்றும் கேட்கவில்லை.

இப்படிக்கு,
தைக்கிறவள்

—

பிப்ரவரி 17

அன்புள்ள கட்டெறும்புக்கு,

கடித்து வைத்த கடிதம் கிடைத்தது. இருமல் பரவாயில்லை. நீ சொன்னபடி துணி கட்டிக்கொண்டேன். கூட வேலை செய்கிறவன், "என்னண்ணே, பேங்க் கொள்ளையடிக்கக் கிளம்பிட்டீங்களா?" என்கிறான்.

பெயர் மாற்றக் கம்பெனிக்குப் போன் போட்டேன். நான் தட்டிக்கழிக்கிறேன் என்று நினைத்துவிடாதே. பேசியதை அப்படியே எழுதுகிறேன்.

"சார், ஓனர் பேர் மாத்த வசதி இல்ல சார். ஓனர் இறந்துட்டா மட்டும் வாரிசுக்கு மாத்திக் குடுப்போம் சார்."

"அப்ப நான் செத்தாத்தானாம்மா?"

"ஆமா சார். வேற ஏதாவது உதவி வேணுமா சார்?"

இதற்கு மேல் என்ன உதவி கேட்பது? நன்றி சொல்லி வைத்துவிட்டேன்.

நீ உன் பெயரில் புதுக்கடை திறக்கலாம்தான். ஆனால் நாம் சேர்த்த ஸ்டார் எல்லாம் பூஜ்ஜியம். நன்றாக விற்கிற கடைக்குக் கம்பெனி கொடுக்கும் தங்க நிலையும் போய்விடும். புது ஆள் என்று பதினைந்துக்குப் பதில் பதினெட்டு கமிஷன் பிடிப்பார்கள். விற்ற பணத்தையும் பல வாரம் பிடித்து வைத்துவிட்டுத்தான் விடுவார்கள். எவனாவது தெரிந்தே போய் மாட்டுவானா?

என் கதையையும் கேள். இங்கே வேலையாட்களுக்குக் குறைந்த வாடகையில் வீடு தருகிறார்கள். எனக்கு இல்லை என்றுவிட்டார்கள். கடையில் நீ விற்கிறதெல்லாம் என் வருமானமாகக் காகிதத்தில் ஏறி நிற்கிறது. "சார், நீங்க எங்க மேனேஜரவிட அதிகமா சம்பாதிக்கிறீங்களே" என்று அந்த அலுவலர் எழுந்து நின்றுவிட்டார். ஆறு பேர் படுக்கும் அறையில் கடைசிக் கட்டிலில் படுத்திருக்கும் பணக்காரன் நான்.

காற்றுக்கு மட்டும் ஒரு வழி தோன்றுகிறது. கனமான பிளாஸ்டிக் பையில் தலையணையைப் போட்டு, வீடு கூட்டும் வாக்குவம் மிஷினை வைத்து உறிஞ்சிப் பார். அப்பளமாகிவிடும். பிரித்ததும் தானே எழுந்துகொள்ளும். செய்து பார்த்து எழுது.

உன் கணவன் (கடைக் கணக்குப்படி)

—

மார்ச் 12

அன்புள்ள உங்களுக்கு,

ஆமாம், அன்புள்ள என்றுதான் போட்டிருக்கிறேன். சந்தோஷத்தில் வந்துவிட்டது, அடிக்க மனம் இல்லை.

வாக்குவம் வேலை செய்கிறது! முதல் தடவை பையின் வாயைச் சரியாகப் பிடிக்காமல் என் முந்தானையை உறிஞ்சிக்கொண்டது. இரண்டாவது தடவை தலையணை நான்கு விரல் உயரத்துக்கு ஒடுங்கிப் பலகையாகிவிட்டது. நாலே கால் கிலோ இருந்தது இப்போது ஒரு கிலோவும் சொச்சமும். அனுப்பும் செலவு பாதிக்கும் கீழே. தலையணைக்கு இருபத்தைந்து நிற்கிறது. என் கணக்கில் எங்கேயோ தப்பு இருக்கிறது என்று திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தேன், தப்பில்லை.

கம்பெனி குடோனில் இருப்பு வைக்கவும் அறுபது அனுப்பினேன், எல்லாம் அப்பளம். வாங்கியவர்கள் வேறு வேடிக்கையாக எழுதுகிறார்கள். ஒருவர், "பிரித்ததும் மேஜை மேல் மூச்சு விட்டது, பயந்துவிட்டேன்" என்று நான்கு ஸ்டார் போட்டிருக்கிறார். பயத்துக்கு ஒன்றைக் குறைத்துவிட்டார் போல.

கைக்குக் காசு நின்றதும் இஸ்திரிக் கடைக்குப் பின்னால் இருக்கும் அறையை வாடகைக்கு எடுத்துவிட்டேன். மிஷினை அங்கே போட்டிருக்கிறேன். வீட்டில் நூலும் தூளும் இல்லாமல் தரை தெரிகிறது. யோசனை உங்களுடையது. நன்றி. போனில் சொல்லக் கூச்சமாக இருந்தது.

இப்படிக்கு,
கட்டெறும்பு

—

ஏப்ரல் 20

வணக்கம்.

எல்லாம் போச்சு.

ஒருத்தி தலையணை வாங்கி, பிரித்து, மூன்று நாள் சாய்ந்திருந்துவிட்டு, நிறம் பிடிக்கவில்லை என்று திருப்பி அனுப்பியிருக்கிறாள். நாம் அனுப்பும்போது பலகை. அவள் அனுப்பும்போது அது முழுசாக உப்பியிருக்கிறது. அவளிடம் வாக்குவமா இருக்கும்? கிடைத்த பெரிய அட்டைப்பெட்டியில் போட்டுச் சுற்றிலும் காகிதம் திணித்து அனுப்பிவிட்டாள். குடோனில் அளக்கும் மிஷின் அந்தப் பெட்டியை அளந்து, இந்தத் தலையணை பதினைந்து கிலோ என்று எழுதிக்கொண்டது.

அந்த ஒன்றுக்கு மட்டும் என்றால் போகட்டும் என்று விட்டிருப்பேன். நம் தலையணை எல்லாமே பதினைந்து கிலோ என்று ஏற்றிவிட்டார்கள். போன மாதம் விற்றதற்கும் சேர்த்து வித்தியாசத்தைப் பிடித்துக்கொண்டார்கள். ஒன்று விற்றால் நான் கைக்காசு போட்டுக் கட்டணம் கட்ட வேண்டும். இன்ச் டேப் வைத்துப் படம் எடுத்து அனுப்பினேன். அவர்கள் அந்தப் பெரிய பெட்டியின் படத்தை எனக்கே திருப்பி அனுப்பி, "சரிபார்த்துவிட்டோம்" என்கிறார்கள்.

சரி, குடோனில் இருக்கும் அறுபதையும் திரும்ப எடுத்துவிடலாம் என்றால், எடுக்கத் தலையணைக்கு இவ்வளவு என்று கட்டணம். அங்கேயே இருக்கட்டும் என்றால் இடத்துக்கு மாத வாடகை, அதுவும் பதினைந்து கிலோ பெட்டி அளவுக்கு. வேண்டாம், அழித்துவிடுங்கள் என்றால் அழிக்கவும் ஒரு கட்டணம். என் தலையணையை நான் விற்கவும் முடியவில்லை, வாங்கவும் முடியவில்லை, கொளுத்தவும் முடியவில்லை. உட்கார்ந்து அழுதேன். எழுதுவதற்கு என்ன வெட்கம், அழுதேன்.

மேல்முறையீடு செய்யக் கடையின் உரிமையாளர்தான் பேச வேண்டுமாம். நீங்கள் பேசுங்கள். அது எப்படி முடிந்தாலும் நான் என் பெயரில் தனிக்கடை திறக்கப் போகிறேன்.

இப்படிக்கு,
தைக்கிறவள்

—

ஏப்ரல் 29

அன்புள்ள கட்டெறும்புக்கு,

அரை நாள் லீவு போட்டு அவர்களோடு மல்லுக்கு நின்றேன். பதினைந்து கிலோவை எடுத்துவிட்டார்கள். ஆனால் பழைய நாலே காலுக்குத்தான் திரும்புமாம். அமுக்கி அனுப்பும் அளவை இந்தக் கடைக்கு இனி ஏற்கவே மாட்டார்களாம். ஒரு தடவை உப்பியது எப்போதும் உப்பும் என்கிறார்கள். பிடித்த பணம் பாதிதான் வரும். இதற்கு மேல் என்னால் முடியவில்லை.

உன் கோபம் நியாயம். ஆனால் தனிக்கடை வேண்டாம். தங்க நிலையில் இருப்பதால்தான் இந்த அளவாவது இறங்கி வந்தார்கள். புது ஆளாக இருந்தால் போனையே எடுத்திருக்க மாட்டார்கள்.

எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு தாளைக் கிழித்துவிட்டேன். இனி கிழிக்கப் போவதில்லை. நான் வந்துவிடட்டுமா? நம்பருக்கு நீ யாரையும் தேட வேண்டாம். பக்கத்து நாற்காலியிலேயே இருப்பேன். உறிஞ்சுகிற வேலை, டேப் ஒட்டுகிற வேலை எல்லாம் என்னுடையது. விலையில் தலையிட மாட்டேன். இங்கே ஊரில் இருக்கிறவர்களையெல்லாம் மேலேயும் கீழேயும் கொண்டுபோய் விடுகிறேன். என் வீட்டுக்குப் போகத்தான் வழி தெரியவில்லை.

உன் கணவன்

—

மே 14

வணக்கம்.

உங்கள் கடிதத்தைத் தையல் அறையில் வைத்துப் படித்தேன். வாருங்கள் என்று எழுதக் கை போனது, பொய் சொல்லவில்லை. அதனால்தான் இத்தனை நாள் பதில் போடவில்லை.

அந்தத் தள்ளுபடி வாரத்தை நினைத்துப் பாருங்கள். என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் பாதி விலைக்கு ஒத்துக்கொண்டு பட்டனை அழுத்தினீர்கள். குவிந்த ஆர்டரை யார் தைத்தது? ஊசி விரலில் ஏறி, கட்டுப் போட்டுக்கொண்டு தைத்தேன். எல்லாம் முடிந்து கணக்குப் பார்த்தால் ஒவ்வொரு தலையணைக்கும் நாம்தான் கம்பெனிக்குக் காசு கொடுத்திருந்தோம். நீங்கள் திரையைப் பார்த்து, "தங்க நிலை வந்துடுச்சு பாரு!" என்று குதித்தீர்கள். நான் பக்கத்தில்தான் நின்றேன். என் கையை ஒரு தரம் பார்த்திருந்தால் போதும். அந்தப் பக்கத்து நாற்காலியில்தான் நீங்கள் மறுபடி உட்காருகிறேன் என்கிறீர்கள். நீங்கள் நல்லவர். எனக்கு அதில் சந்தேகமே வந்ததில்லை. ஆனால் நல்லவரிடமும் நான் இனிமேல் நம்பர் கேட்டு நிற்க மாட்டேன்.

கடையைத் திறந்துவிட்டேன். என் வரி எண், என் வங்கிக் கணக்கு, இஸ்திரிக் கடை விலாசம். புதுக்கடை என்பதால் அளவும் புதிது, ஒரு கிலோ சொச்சம்தான். கமிஷன் பதினெட்டு. கூடப் போகிற அந்த மூன்று என் பெயருக்கான விலை என்று வைத்துக்கொண்டேன். மலிவாகத்தான் தெரிகிறது. ரிட்டர்ன் எல்லாம் குடோனுக்குப் போகாமல் என் அறைக்கே வரும்படி செய்திருக்கிறேன், இந்தத் தடவை ஏமாற மாட்டேன். கடைப் பெயரைச் சொல்லப் போவதில்லை, தேடாதீர்கள்.

உங்கள் போன் இனி என்னால் அடிக்காது. லிஃப்ட் குழிக்குள் நிம்மதியாக வேலை பாருங்கள்.

இப்படிக்கு,
தைக்கிறவள்

—

ஜூன் 6

ஐயா,

வேறு எப்படி அழைப்பது என்று தெரியவில்லை.

என் கடையில் ஒரு தலையணை வாங்கினீர்களா? வாங்கி ஐந்து ஸ்டார் போட்டீர்களா? "தையல் சுத்தம், உறையின் ஓரத்தில் இரட்டைத் தையல் போட்டிருக்கிறார்கள், இப்படி யாரும் போடுவதில்லை" என்று எழுதியது நீங்கள்தானே? உங்களைத் தவிர எவர் உறையைத் திருப்பிப் பார்ப்பார்?

கடையை முடக்கிவிட்டார்கள். என் அடையாள அட்டையில் கணவர் என்று ஒரு பெயர் இருக்கிறது. அதே பெயர் உள்ளவர், பழைய கடை ஒன்றின் உரிமையாளர், அந்தக் கடையின் போன் நம்பரிலிருந்தே என் கடையில் வாங்கிப் பாராட்டு எழுதியிருக்கிறார். சொந்தக்காரரை வைத்து ஸ்டார் சேர்ப்பது மோசடியாம். அதோடு ஒரு குடும்பத்துக்கு ஒரு கடைதானாம். பேரைக் கெடுத்துக்கொண்டவர்கள் வீட்டு ஆள் பெயரில் மறுபடி மறுபடி கடை திறக்கிறார்கள் என்பதால் இந்தச் சட்டமாம். மூன்று வாரம் விற்ற பணம் உள்ளே நிற்கிறது. ஃபோம்காரர் தினமும் அறை வாசலில் வந்து நிற்கிறார்.

தப்பித் தவறிச் செய்தீர்களா, வேண்டுமென்றே செய்தீர்களா? எனக்கு அதை மட்டும் சொல்லுங்கள்.

—

ஜூன் 13

அன்புள்ள கட்டெறும்புக்கு,

வேண்டுமென்றே செய்யவில்லை. என் மேல் ஆணை.

கடைப் பெயரை நீ சொல்லாவிட்டால் என்ன? முதுகுத் தலையணை என்று போட்டுத் தேடிக்கொண்டே போனேன். ஒரு படத்தில் தலையணையைப் பிடித்திருக்கும் கை தெரிந்தது. விரலில் அந்த ஊசித் தழும்பு. அன்று நான் பார்க்கவில்லை என்று எழுதியிருந்தாயே, அது உண்மைதான். படத்தில் பார்த்தேன். அதற்கு மேல் கை நிற்கவில்லை, வாங்கிவிட்டேன். குழிக்குள் குனிந்து குனிந்து முதுகும் வலிக்கத்தான் செய்கிறது. ஸ்டாரே இல்லாத கடை ஆயிற்றே, முதல் ஸ்டார் நம்முடையதாக இருக்கட்டும் என்று ஆசைப்பட்டேன். மிஷின் நம் இருவரையும் சேர்த்துப் பார்க்கும் என்று எனக்கெப்படித் தெரியும்?

கம்பெனியில் பேசினேன். இரண்டே வழியாம். புதுக்கடையை மூடிவிட்டுப் பழைய கடைக்கே திரும்புவது ஒன்று. அப்படிச் செய்தால் பிடித்த பணத்தை உடனே விட்டுவிடுவார்கள். இன்னொன்றை அந்தப் பெண் சொன்னபோது நான் திரும்பச் சொல்லச் சொன்னேன். "நீங்க ரெண்டு பேரும் ஒரே குடும்பம் இல்லன்னு கோர்ட் பேப்பர் குடுத்தா போதும் சார். மனு போட்ட நகல் இருந்தாலும் ஏத்துக்குவோம்."

பழைய கடைக்கே வந்துவிடு. கமிஷன் பதினைந்து, ஸ்டார் எல்லாம் அப்படியே இருக்கிறது. காற்றுக்குக் காசு கட்டினால் கட்டிவிட்டுப் போகிறோம். நான் கெஞ்சிக் கேட்கிறேன் என்றே வைத்துக்கொள்.

உன் கணவன்

—

ஜூலை 2

அன்புள்ள உங்களுக்கு,

நீங்கள் சொன்னதை நம்புகிறேன். வேண்டுமென்றே செய்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

ஒரு நாள் முழுக்க மிஷின் முன்னால் தைக்காமல் உட்கார்ந்திருந்தேன். பழைய கடையில் காற்றுக்குப் போகும் காசையும், புதுக்கடையில் கூடுதல் கமிஷன், கூடுதல் விளம்பரம், ஸ்டார் இல்லாமல் குறையும் விற்பனை எல்லாவற்றையும் போட்டுப் பார்த்தேன். சொன்னால் சிரிப்பீர்கள், இரண்டும் கிட்டத்தட்டச் சமமாகத்தான் வருகிறது. ஆகவே காசுக்காகச் செய்கிறேன் என்று நானே என்னை ஏமாற்றிக்கொள்ள முடியவில்லை. பழைய கடைக்குத் திரும்பினால் உங்களிடம் திரும்புவதாகிவிடும். அப்படி வேறு வழியில்லாமல் உங்களிடம் வர எனக்கு விருப்பமில்லை. உங்களுக்கும் அது மரியாதை இல்லை.

வக்கீலம்மாவைப் பார்த்தேன். இருவரும் சம்மதித்துக் கேட்கும் மனு, இத்துடன் வைத்திருக்கிறேன். காரணம் என்ற இடத்தில் என்ன எழுதுவது என்று விழித்தேன். "மனசு ஒத்துப்போகலன்னு எழுதுங்க, எல்லாரும் அதான் எழுதுறாங்க" என்றார். எழுதிவிட்டேன். நமக்கு அது பொருந்தாது என்று எனக்குத் தெரியும். கம்பெனிக்கு ஒரு படிவமும் இருக்கிறது. வாங்கியவர் உங்களுக்கு என்ன உறவு என்று கேட்டிருக்கிறார்கள். ஒன்றுமில்லை என்று போட வேண்டும். அதை எழுதிவிட்டு எழுந்துபோய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தேன்.

பென்சிலால் புள்ளி வைத்திருக்கும் இடங்களில் கையெழுத்துப் போடுங்கள். உங்களைக் கட்டாயப்படுத்த மாட்டேன். ஆனால் இந்த மாதத்துக்குள் கொடுக்காவிட்டால் கடை போய்விடும்.

இப்படிக்கு,
(என்ன போடுவது என்று நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்)

—

ஜூலை 10

அன்புள்ள கட்டெறும்புக்கு,

மனு வந்தது. முதல் நாள் பிரிக்கவில்லை. இரண்டாம் நாள் பிரித்தேன், படிக்கவில்லை. நேற்று ஒரு வக்கீல் அலுவலகத்தில் லிஃப்ட் நின்றுபோய்ச் சரிசெய்யப் போனேன். வேலை முடிந்ததும் அங்கிருந்த குமாஸ்தாவிடம் மெதுவாகக் கேட்டேன், இப்படிப் பிரிந்தவர்கள் பிற்பாடு ஒருத்தரையொருத்தர் மறுபடி கட்டிக்கொள்ள முடியுமா என்று. "தாராளமா கட்டிக்கலாம் சார், எந்தச் சட்டமும் தடுக்காது" என்று சிரித்தார். சந்தோஷமாகத்தான் இறங்கி வந்தேன். தெருவில் வந்த பிறகுதான் கம்பெனிச் சட்டம் ஞாபகம் வந்தது. மறுபடி கட்டிக்கொண்டால் மறுபடி ஒரே குடும்பம், உன் கடை மறுபடி முடங்கும். என் கடையை மூடிவிடலாம் என்றாலோ, குடோனில் இருக்கும் அறுபதும் விற்றுத் தீரும்வரை, தீர்ந்தாலும் பாக்கிக் கட்டணம் முடியும்வரை, அதற்கும் விடமாட்டார்கள். இதைப் போய் அந்தக் குமாஸ்தாவிடம் சொன்னால் பைத்தியம் என்பார். நடந்தே அறைக்கு வந்தேன்.

அந்தக் கடை வேண்டாம், எனக்கு நீ போதும் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் உனக்கு அது போதாது. அது எனக்கு இப்போதுதான் புரிகிறது. புரிந்தும் வயிறு எரிகிறது, அதையும் மறைக்கவில்லை.

நீ புள்ளி வைத்த இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டுவிட்டேன். காரணத்தை நான் திருத்தவில்லை. தலையணையை அறையில் எல்லோரும் மாற்றி மாற்றிக் கேட்கிறார்கள், யாருக்கும் கொடுப்பதில்லை. இனி உன் கடைப் பக்கம் வர மாட்டேன், தேடிக்கூடப் பார்க்க மாட்டேன். ஃபோம்காரருக்குக் கொடுக்க இத்துடன் கொஞ்சம் பணம் வைத்திருக்கிறேன். கடையிலிருந்து வந்ததில்லை, என் சம்பளம். திருப்பி அனுப்பாதே.

கையெழுத்துக்குக் கீழே தேதி போட வேண்டிய இடத்தை மட்டும் காலியாக விட்டிருக்கிறேன். தேதி இல்லாத மனுவைக் கோர்ட்டில் வாங்க மாட்டார்களாம், அதை நீ போட்டுக்கொள். போட மறந்துவிட்டாலும் நான் எதுவும் கேட்க மாட்டேன்.

இப்படிக்கு,
லிஃப்ட்காரன்